செஞ்சி: மலை ஏறுமுன் சாலையைப் பாருங்கள்

திண்டிவனத்தில் இருந்து திருவண்ணாமலை போகும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால், செஞ்சி ஊர் தாண்டியதும் தூங்கிவிடாதீர்கள். சாலை ஒரு பழைய மதிலை அறுத்துக்கொண்டு உள்ளே நுழையும். வலப்பக்கம் ஒரு மலை, இடப்பக்கம் அதைவிடப் பெரிய மலை, இரண்டின் தலையிலும் கட்டடங்கள். செஞ்சியில் கோட்டை என்பது மலை உச்சியில் தனியாக நிற்கும் கட்டடம் இல்லை. இந்தப் பேருந்து ஓடும் தரையும் கோட்டைதான்.

இதைப் புரிந்துகொள்ளாமல் ராஜகிரிக்கு மூச்சு வாங்க ஏறி, நாலு படம் எடுத்து, இறங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். மலையைப் பார்த்தாயிற்று என்பார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது மலைகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கை.

மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்றையும் முக்கோணத்தின் மூன்று முனைகளாக வைத்துக்கொள்ளுங்கள். முனைகளை இணைத்து மதில் ஓடுகிறது. மதிலின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர் என்று கணக்கு. மதிலை ஒட்டி 80 அடி அகலத்துக்கு அகழி. இப்போது பல இடங்களில் தூர்ந்து புதர் மண்டிக் கிடந்தாலும் அதன் வாட்டம் தெரியும். ஒவ்வொரு மலையும் தனிக் கோட்டை. நடுவில் உள்ள சமவெளியில் ஒரு படையும் ஊரும் சந்தையும் தங்கலாம். வெளிமதில் விழுந்தாலும் மூன்று மலைகளையும் தனித்தனியாகப் பிடித்தாக வேண்டும்.

இந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு விடை வாசல்களின் பெயரிலேயே இருக்கிறது. கிழக்கே புதுச்சேரி வாசல். வடக்கே வேலூர் வாசல், அதையே ஆற்காட்டு வாசல் என்றும் சொல்வார்கள். கடற்கரையில் இருந்து மேற்கே போகிறவர் திருவண்ணாமலை, செங்கம் கணவாய், பாரமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) வழியாக மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏற வேண்டும். அந்தத் தடத்தின் கீழ்முனையில் உட்கார்ந்திருக்கிறது செஞ்சி. இன்றைய தேசிய நெடுஞ்சாலை 77, திண்டிவனத்தில் தொடங்கிக் கிருஷ்ணகிரியில் முடிகிறது. (அது வேறு கிருஷ்ணகிரி, மாவட்டத் தலைநகர். செஞ்சியில் இருக்கும் அதே பெயர் மலையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) எண்ணைத்தான் புதிதாகக் கொடுத்திருக்கிறார்கள், தடம் பழையது.

இனி ஏறுவதைப் பற்றி. ராஜகிரிதான் முதலில், அதுவும் காலையில் திறந்தவுடன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ராஜகிரியில் ஏற விடமாட்டார்கள், மாலை ஐந்துக்கு இடத்தைக் காலி செய்ய வேண்டும். மதியம் வந்து சேர்ந்து, சாப்பிட்டுவிட்டு ஏறலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். தொல்லியல் துறையின் நுழைவுச் சீட்டை வாங்கியதும் பத்திரப்படுத்துங்கள். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிருஷ்ணகிரிக்கும் அது வேண்டும்.

மலையின் உயரம் சுமார் 800 அடி. எண்ணாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சிரமம் படியில் இருக்கிறது. படிகள் ஒரே உயரத்தில் இல்லை. மூன்று படி அரையடி உயரம் வரும், நான்காவது முழங்கால் உயரத்துக்கு எழும்பும். கால் ஒரு தாளத்தைப் பிடிக்கும் நேரத்தில் தாளம் மாறும். அதனால்தான் இதே உயரமுள்ள கோயில் மலையை அலுக்காமல் ஏறுகிறவருக்குக்கூட இங்கே தொடை பிடித்துக்கொள்கிறது. சாதாரண உடல்நிலை உள்ளவர் நின்று நின்று ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்க முக்கால் மணி நேரம். மேலே சுற்றிப் பார்க்க இன்னொரு மணி நேரம். ஆக, ராஜகிரிக்கு மட்டும் மூன்று மணி நேரம் போய்விடும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். ஏறத் தொடங்கிய பிறகு வாங்க இடம் கிடையாது. ஆனால் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், நெகிழிப் பையில் தின்பண்டத்தைத் தொங்கவிடவே வேண்டாம். இங்குள்ள குரங்குகளுக்குப் பையின் சரசரப்பு நன்றாகத் தெரியும். முதுகுப்பைக்குள் போட்டு இழுப்பானை மூடிவிட்டால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. பிடுங்க வந்தால் இழுபறி செய்யாமல் விட்டுவிடுவது நல்லது. படியின் விளிம்பில் நின்றுகொண்டு குரங்கோடு மல்லுக்கட்டினால் விழப்போவது குரங்கு இல்லை.

காலணிக்கு ரப்பர் அடி போதும், ஆனால் தேய்ந்ததாக இருக்கக் கூடாது. நூற்றாண்டுகளாகக் கால் பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆகிவிட்ட கருங்கல்லில் தோல் செருப்பு வழுக்கும். மழை பெய்த மறுநாள் பாசி சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை போவது உத்தமம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுனைகளில் நீர் நிற்கும், பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கும். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். வெயிலைவிடப் பாறைதான் காரணம். மொட்டைப் பாறை காலையிலிருந்து சூடு வாங்கிப் பதினொரு மணிக்குமேல் அதைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே நேரத்தில் சூடு அடிக்கும். வழியில் உள்ள கமலக்கண்ணி அம்மன் கோயில் வரை அங்கங்கே நிழல் உண்டு, அதற்கு மேல் வாசல்களின் உட்புறம்தான் நிழல்.

அந்த வாசல்களில்தான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உச்சிக்குப் போகும் வழியில் ஏழு வாசல்கள் என்பது கணக்கு. எண்ணிக்கையைவிட அவை அமைந்திருக்கும் இடம்தான் கவனிக்க வேண்டியது. ராஜகிரி ஒரு நீண்ட முதுகு போல் வந்து, தென்முனையில் ஒரு பெரும் பாறைத் தலையாக நிமிர்கிறது. அந்தத் தலையின் பக்கங்கள் எல்லாம் செங்குத்து. ஏறத் தோதாக இருந்தது ஓரிடம் மட்டும்: முதுகும் தலையும் சந்திக்கும் இடத்தில் ஒரு குறுகலான ஓடைப் பள்ளம். அதன் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மதில்கள், ஒவ்வொன்றும் 20 முதல் 25 அடி உயரம். ஏணி வைத்து முதல் மதிலைத் தாண்டியவன் இரண்டாவது மதிலின் மேல் நிற்பவனுக்கு நேர் கீழே மாட்டிக்கொள்வான். ஏணியையும் உள்ளே இழுத்து வர வேண்டும், அதற்கு இடமும் இல்லை.

ஒரு வாசலைக் கிட்டத்தில் பார்க்கலாம். வழி நேராக உள்ளே போகாது, நுழைந்ததும் திரும்பும். யானையை விட்டுக் கதவை மோதித் திறக்க வேண்டுமானால் அது ஓடி வர நீளம் தேவை. திருப்பம் அந்த நீளத்தைத் தின்றுவிடுகிறது. கதவு இப்போது இல்லை. ஆனால் நிலையின் மேற்கல்லிலும் கீழ்க்கல்லிலும் உருண்டையான குழிகளைத் தேடுங்கள். கதவின் குடுமி சுழன்ற இடம் அது. விளிம்பைத் தடவிப் பார்த்தால் எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், கதவின் பாரம் சாய்ந்த பக்கம் அதுதான். அடுத்து, பக்கச் சுவரில் இடுப்பு உயரத்தில் சதுர ஓட்டை இருக்கிறதா பாருங்கள். கதவுக்குப் பின்னால் குறுக்கே போட்ட கணையமரம் செருகிய இடம். எதிர்ச்சுவரிலும் அதன் சோடி இருக்கும், ஆனால் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் ஆழமில்லாமலும் இருக்கலாம். மரத்தை முழுதாக உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு, வேண்டும்போது இழுத்துப் பூட்டுவதற்கு அப்படி ஆழம் தேவை. கைப்பேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்க்கலாம். கையை மட்டும் விடாதீர்கள், உள்ளே பூரான், தேள் எது வேண்டுமானாலும் குடியிருக்கும்.

மதிலின் மேற்பகுதியில் துப்பாக்கித் துளைகள். சில நேராகவும் சில கீழ்நோக்கிச் சரிந்தும் இருக்கும். கீழ்நோக்கியவற்றின் வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். நீங்கள் சற்றுமுன் மூச்சு வாங்க நின்ற படி அப்படியே தெரியும்.

உச்சிக்குச் சற்று முன்னால் வழி சட்டென்று அறுந்துபோகிறது. பாறைத் தலைக்கும் மலை முதுகுக்கும் நடுவே ஒரு பிளவு, சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இயற்கையாக இருந்த வெடிப்பை வெட்டி நீட்டி ஆழப்படுத்தியிருக்கிறார்கள். மேலே ஒரு பாலம். அன்றைக்கு அது எடுத்துவிடக்கூடிய மரப்பாலம். அதை அகற்றிவிட்டால் உச்சிக்கோட்டை தனித் தீவு. செஞ்சியின் எல்லாக் கட்டடக்கலையும் இந்த 24 அடியில் அடக்கம் என்பது என் கட்சி. ஆனால் பாலத்தில் நின்று படம் எடுக்கக் கூட்டம் கூடினால் போக வழியில்லாமல் வரிசை தேங்கும். முதலில் கடந்துவிட்டு அந்தப் பக்கத்தில் இருந்து எடுங்கள், பிளவின் ஆழமும் அங்கிருந்துதான் நன்றாக விழும்.

மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், கருவூலம், ஒரு பீரங்கி. எல்லோரும் பீரங்கியில்தான் போய் நிற்பார்கள். நீங்கள் களஞ்சியத்தையும் சுனைகளையும் சேர்த்துப் பாருங்கள். ராஜகிரியில் வற்றாத நன்னீர்ச் சுனைகள் இரண்டு உண்டு, கீழே மழைநீர் பிடிக்கும் தேக்கங்கள் தனி. எவ்வளவு உயரமான மதில் இருந்தாலும் நீர் இல்லையென்றால் மலைக்கோட்டை சில வாரங்களில் தானாகக் கதவைத் திறந்துவிடும். மழைநீர்த் தேக்கத்தை மட்டும் நம்பியிருப்பது கோடையில் சூதாட்டம். இங்கே அந்தக் கவலை இல்லை. தண்ணீரைத் தொடவோ குடிக்கவோ வேண்டாம், அது பழைய காலத்துக்குச் சரி.

பிறகு வடகிழக்கு ஓரத்துக்கு வந்து கீழே பாருங்கள். சாலை ஒரு நூல் மாதிரி இரண்டு மலைகளுக்கு நடுவே ஓடும். எதிரே கிருஷ்ணகிரி, வலப்பக்கம் சந்திரகிரி. கீழே பார்த்தபோது துண்டு துண்டாகத் தெரிந்த மதில் இங்கிருந்து ஒரே கோடாகச் சேரும். ஏறியதற்கு இதுதான் பலன்.

இந்த இடத்தில் நின்றுகொண்டு முகலாயர் முற்றுகையை நினைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். 1677-இல் சிவாஜி பீஜப்பூர்க்காரர்களிடம் இருந்து செஞ்சியை எடுத்தார். எடுத்த கையோடு மதில்களைத் திருத்திப் பலப்படுத்தினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மகன் ராஜாராம் மராட்டிய நாட்டில் இருக்க முடியாமல் தப்பி வந்து அடைந்த இடம் இதுதான். 1690-இல் முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698 தொடக்கத்தில். எட்டு ஆண்டு! முகலாயரிடம் பீரங்கி இல்லையா, ஆள் இல்லையா? இருந்தது. ஆனால் மேலிருந்து தெரியும் இந்தச் சுற்றளவைப் பாருங்கள். இதை முழுதாக வளைத்து அடைக்க ஒரு படை போதாது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் தானியம் உள்ளே போகும். வெளியே மராட்டியத் தளபதிகள் சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படைகள் முற்றுகையிட்டவர்களின் உணவு வரத்தையே வெட்டின. 1693-இல் முற்றுகைப்படை வந்தவாசிக்குப் பின்வாங்கும் நிலை வந்தது. அதாவது முற்றுகை போட்டவர்களே முற்றுகைக்குள் இருந்தார்கள். கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. முன்னமே நழுவி வேலூர் வழியாகப் போய்விட்டிருந்தார்.

எட்டு ஆண்டு தாங்கிய அதே கோட்டை 1750 செப்டம்பரில் ஒரே இரவில் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. புஸ்ஸி தலைமையில் வந்த முன்னணிப் படை, ஆற்காட்டு நவாபுப் பட்டத்துக்குப் போட்டியிட்ட முகமது அலியின் தோற்று ஓடிய படையை மதில் வரை துரத்தி வந்து, வாசல் கதவை வெடிவைத்துத் தகர்த்து, இருட்டில் மூன்று மலைகளிலும் ஏறிவிட்டது. விடிந்தபோது கொடி மாறியிருந்தது. மதில் அதே மதில், பிளவு அதே பிளவு. காவலுக்கு ஆள் இல்லாமலும், இருந்த ஆளுக்கு மனம் இல்லாமலும் போனால் 13 கிலோமீட்டர் மதில் பலம் இல்லை, பாரம். எந்தக் கொத்தளத்தைக் காப்பது என்று தெரியாமல் நிற்பதற்குத்தான் அந்த நீளம் உதவும். 1761 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரருக்கும் அதே கதிதான், ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, இவ்வளவு பலமான இடத்தை விட்டு, முகலாயரின் கீழ் இந்தப் பகுதியை ஆண்ட நவாபுகள் ஏன் ஆற்காட்டுக்குப் போனார்கள்? காய்ச்சல். மலைகளுக்கு நடுவே காற்று அடைபட்ட பள்ளம், தேங்கிய அகழி, குளங்கள். எதிரியைத் தடுத்த அதே நீர்தான் உள்ளிருந்தவர்களைப் படுக்க வைத்தது. இங்கே தங்கியிருந்த பிரெஞ்சுக் காவற்படையும் போரில் இழந்ததைவிட நோயில் இழந்தது அதிகம். இப்போதும் மழைக்காலத்து மாலையில் அகழி ஓரம் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

இறங்கும்போதுதான் பலருக்கும் முழங்கால் போகிறது. உயரப் படிகளில் குதித்து இறங்காமல் உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குங்கள். நேரம் கூடும், வலி குறையும்.

அடிவாரத்தில் உட்கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலுக்கு மிச்ச நேரத்தைக் கொடுங்கள். சதுர முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவே அடுக்கடுக்காக எழும்பிக் கூம்பாக முடியும் கோபுரம். வெளிக்கோட்டைக்கும் அப்பால் உள்ள நீர்த்தேக்கத்தில் இருந்து மண்குழாய்கள் வழியாக இதன் மாடிகளுக்குத் தண்ணீர் வந்தது. நீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்பதை வைத்துக்கொண்டு செய்த வேலை. தேக்கம் மாடியைவிட உயரத்தில் இருந்தால் ஏற்றம் இல்லாமலே நீர் ஏறும்.

செட்டிக்குளம் பக்கம் ஒரு பெரும்பாறை தனியாக நிற்கும். நடுவில் இயற்கையாகத் துளை விழுந்து, மேலே செங்கல் கட்டு வைத்தது. கைதிகளை இதற்குள் தள்ளிப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்பார்கள். பார்க்கிறவர் நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம், பாறை மட்டும் பார்க்க வேண்டியதுதான். அதே குளக்கரையைத்தான் 1714-இல் மாண்ட தேசிங்கு ராஜனோடும் ஊர்க்கதை சேர்த்துச் சொல்கிறது. தேசிங்கை வென்ற ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கட்டிய பள்ளிவாசல் புதுச்சேரி வாசல் பக்கம் இருக்கிறது. 1717-18 காலத்தது, பாரசீகக் கல்வெட்டோடு.

கிருஷ்ணகிரி, அதாவது ராணிக்கோட்டை, சாலைக்கு வடக்கே. உயரம் குறைவு, ஏறும் நேரமும் அதற்கேற்பக் குறையும். ஆனால் கூட்டம் மிகக் குறைவு என்பதால் ராஜகிரியில் தவறவிட்ட அமைதி இங்கே கிடைக்கும். உச்சியில் குவிமாடம் போட்ட கொலு மண்டபம், களஞ்சியங்கள், எண்ணெயும் நெய்யும் சேமித்த தொட்டிக் கிணறுகள். முற்றுகைக்காலத்து அடுக்களையைக் கற்பனை செய்ய இவை போதும். வயதானவர்களோ குழந்தைகளோ கூட வந்தால் ராஜகிரியை விட்டுவிட்டு இதை மட்டும் ஏறுங்கள், குறை ஒன்றும் இல்லை.

சந்திரகிரியைத் தூரத்தில் இருந்தே பாருங்கள். முள்ளும் புதரும் மண்டிக் கிடக்கும் மலையில் வழி தெரியாமல் ஏறி இறங்குவதால் ராஜகிரியில் பார்த்ததற்கு மேல் பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது.

2025 ஜூலையில் மராட்டியர் படைக் கோட்டைகள் என்ற தொகுப்பில் 12 கோட்டைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. பதினொன்று மகாராட்டிரத்தில், ஒன்று செஞ்சி. அதனால் கூட்டம் சேரும் விடுமுறை நாளில் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

வந்து சேர்வது சிரமமில்லை. சென்னையில் இருந்து சுமார் 150 கிலோமீட்டர். ரயிலில் வருகிறவர்கள் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். திண்டிவனம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர், விழுப்புரமும் திருவண்ணாமலையும் நாற்பதை ஒட்டி வரும். செஞ்சிப் பேருந்து நிலையத்தில் இருந்து கோட்டை இரண்டு மூன்று கிலோமீட்டர் மேற்கே. காலையில் அந்தத் தூரத்தை நடந்து காலைத் தேய்க்காமல் ஆட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கால் வேறு வேலைக்கு வேண்டும்.

நேரம் இருந்தால் கடைசியாக வெளிக்கோட்டையில் உள்ள வெங்கடரமணர் கோயில். இங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் ஒற்றைக்கல் தூண்களைப் பெயர்த்து, இதே சாலை வழியாகப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பும் வழி புதுச்சேரி என்றால் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுத் தூண்களைப் பாருங்கள். செஞ்சிக் கல்தான்.